திருச்சுழி டவுன் பஸ்ஸில் ஊத் சென்ட்டின் பரவல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ விடுப்பில் வரும் திருச்சுழிக்காரரின் பெட்டிக்குள் கோடாலித் தைலமும் பால்பவுடர் டின்னும் பேரீச்சம்பழமும் இருக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. தங்க மூடி போட்ட ஊத் சென்ட் பாட்டிலைத்தான் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

ஊத் என்பது அகில். நோய்நொடி இல்லாத அகில் மரம் மணப்பதில்லை. காயம்பட்டு, அதில் பூஞ்சை புகுந்தால், அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின்தான் மணம். பிசின் ஏறிக் கறுத்த உயர்ந்த ரகக் கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும். சீக்கு மரத்துக்குத்தான் விலை. (நம்மூர்ச் சீமைக் கருவேலம் எதற்கும் அசராமல் நிற்பதால்தான் மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்க நேர்கிறது என்பது துணைக் கருதுகோள்.) அசாமின் ஹோஜாய் வட்டாரத்தில் அகில் சிராய்களை ஊறப்போட்டு, வாலையில் வடித்து, எண்ணெயாக அரபு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். காட்டு மரங்களை வெட்டித் தீர்த்ததால் அகிலின் பன்னாட்டு வணிகத்துக்கு 1995 முதல் கட்டுப்பாடு உண்டு. ஆகவே கடைகளில் விற்கும் ஊத்தில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் கூட்டிய மணம்.

இதை அரபு மரபு என்று பாட்டிலின் அட்டைப்பெட்டி சொல்கிறது. ஆய்வாளர் இணங்கவில்லை. தொண்டியோர் கப்பலில் அனுப்பிய அகிலின் மணம் கொண்டல் காற்றோடு மதுரைக்குள் நுழைவதைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பதிவு செய்திருக்கிறது. அது சேரநாட்டுத் தொண்டி என வாதிடுவோர், கொண்டல் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று என்பதைக் கவனிக்கவும். ராமநாதபுரம் கடற்கரையில் கிளம்பி மதுரைக்குப் போகும் காற்று வழியில் நம் பக்கமும் கொஞ்சம் வீசியிருக்காதா? ஆகவே இன்று விமானத்தில் வருவது இறக்குமதி ஆகாது, பழைய பாக்கி.

இனி களஆய்வு. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிய இளைஞரின் சட்டையிலிருந்து கிளம்பிய மணம், வண்டி நகருமுன்பே கடைசி சீட்டை எட்டியது. பக்கத்திலிருந்த பெரியவர் மூக்கைச் சுருக்கினார்.

"கெடைக்குள்ள படுத்து எந்திரிச்சு வந்தியாப்பா?"

"பெரியப்பா, இது ஊத்து. ஆறு மணி நேரம் நிக்கும்."

"எங்க கெடையில ஆறு மாசம் நிக்கும்யா."

இதைக் கேலி என்று தள்ளிவிடலாகாது. அசாம் ஊத்தில் தொழுவ வாடை தூக்கலாக இருக்கும். அரபு நாட்டுப் பிரியர்கள் அதற்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பெரியவரின் கூற்று, பாட்டில் அசல் என்பதற்கு இதுவரை கிடைத்த ஒரே சான்று.

பயன்பாட்டிலும் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. வளைகுடா வீடுகளில் விருந்து முடிந்ததும் கரித் தணலில் ஊத் புகைத்து விருந்தாளிகளிடம் சுற்றி வருவார்கள். புகை வந்துவிட்டால் கிளம்ப நேரமாகிவிட்டது என்று பொருள். திருச்சுழியிலோ மணம் தெருமுனையை எட்டியதும்தான் விருந்தாளிகள் வரத் தொடங்குகிறார்கள். பெட்டி பிரிக்கும்வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

விடுப்பு முடிந்து ஆள் விமானம் ஏறியதும், "நல்லது கெட்டதுக்குப் போடலாம்" என்று தாயார் மிச்ச பாட்டிலைப் பட்டுச்சேலைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். அடுத்த கல்யாணத்துக்குத் திறக்கையில் சேலை, பாட்டில், அட்டைப்பெட்டி மூன்றிலும் பாச்சை உருண்டை வாடைதான்.