பெருங்களத்தூரில் மௌனப்பட மரபின் எச்சங்கள்: ஒரு கள ஆய்வு

1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வாயைத் திறந்ததோடு தமிழில் மௌனப்படத்தின் கதை முடிந்தது என்பர். அப்படிச் சொல்பவர்கள் பொங்கலுக்கு முந்தின இரவு சென்னையின் தென்கோடிப் பெருங்களத்தூரில் ஊர்போகும் பஸ்ஸுக்கு நின்றதில்லை. வீர நாயகன், சாகசம், காதல் மூன்றும் ஜி.எஸ்.டி. சாலையோரம் இன்றும் உயிரோடிருக்கின்றன என்பதே இவ்வாய்வின் முடிபு. களம்: டீக்கடை பெஞ்சு. செலவு: இரண்டு டீ.

சான்று 1: சாகசம். புதுக்கோட்டை நாகலிங்கம் பயில்வான் உடம்பால் ராஜா சாண்டோ ஆனவர். பம்பாய் மௌனப்படங்களில் நாயகனாகி, பிறகு சென்னை வந்து 'அனாதைப் பெண்' முதலியவற்றை இயக்கினார். நம்மூர் ரசிகர்களைக் கிறங்கடித்த அமெரிக்க நடிகர் எடி போலோ, சர்க்கஸ்காரர். பெருங்களத்தூர் நாயகருக்கு இவ்விரு தகுதியும் இல்லை, தொந்தி உண்டு. ஆயினும் தோளில் பிள்ளையும் கையில் கட்டைப்பையுமாக, நிற்காமல் ஊரும் பஸ்ஸைத் துரத்திக் கம்பியைப் பிடிக்கிறார்.

சான்று 2: வேகம். மௌனப்படத்தை நொடிக்குச் சுமார் 16 சட்டகங்களாக எடுத்தார்கள். பேசும்படக் கருவி 24 ஓட்டும். அதில் போட்டால் ஆட்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுவார்கள். பஸ் கண்ணில் பட்டதும் இங்கே நடப்பதும் அதுவே, கருவிதான் தேவைப்படவில்லை.

சான்று 3: காதல். நாகர்கோவில் ஏ.சி. பஸ். உள்ளே மனைவி, வெளியே லீவு கிடைக்காத கணவன், நடுவே திறக்காத கண்ணாடி. அவன் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோகிறான். அவள் புருவத்தை உயர்த்துகிறாள். செல்போனில் பெரிய எழுத்தில் 'சாப்பிட்டுத் தூங்கு' என்று தட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்கிறான். மௌனப்படத்தில் இடையிடையே வரும் எழுத்து அட்டை இதுவே.

சான்று 4: கதைசொல்லி. அன்று திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். இன்று கண்டக்டர்: "திண்டிவனம், விழுப்புரம், திருச்சி!" "சீட் இருக்காண்ணே?" என்றால் மட்டும் அவரும் மௌனப்படமாகிவிடுகிறார்.

மறுப்பு: தென்மாவட்டப் பஸ்களுக்கென்று 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தாயிற்றே, மரபு இடம்பெயர்ந்திருக்காதா? 'காளிதாஸ்' வந்த பிறகும், 1933இல், நாகர்கோவில் சுந்தர்ராஜ் 'மார்த்தாண்ட வர்மா' நாவலை மௌனப்படமாகத்தான் எடுத்தார் என்பதே விடை. நாவலின் உரிமை வழக்கில் சிக்கிய அந்தப் படத்தின் பிரதி, பல ஆண்டுகள் கழித்துப் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பெருங்களத்தூர்க் காட்சிகளையும் எந்தக் காப்பகமும் எடுத்து வைப்பதில்லை. எனவே வாசகர்கள் பண்டிகைக்கு முந்தின இரவு நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும். நுழைவுக் கட்டணம் கிடையாது. உட்கார இடமும் கிடையாது.