34 மில்லிமீட்டர் நேர்மை

ராலி காரைப் போல் ஒழுக்கமாக வாழ வைக்கப்படும் பொருள் உலகில் வேறொன்று இல்லை. காரணம், அதன் டர்போ. டர்போ என்பது எளிய ஏற்பாடுதான். வீணாய்ப் போகும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழலும். அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம். வேகம் கூடும். ஆட்கள் சாவார்கள். 1986-இல் போர்ச்சுகல் ராலியில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் கோர்சிகாவில் ஹென்றி டோய்வோனனும் அவருடைய வழிகாட்டியும் காரோடு எரிந்தார்கள். அதன் பிறகே அதிகாரிகளுக்குக் கண் திறந்தது. குரூப் பி என்ற அந்த அதிவேக ரகக் கார்களை ஒழித்தார்கள். பின்னாளில் டர்போவின் மூக்கில் ஒரு வளையமும் மாட்டினார்கள். 1995-இல் அந்தத் துளையின் அளவு 34 மி.மீ. அதற்கு மேல் ஒரு மூச்சு இழுத்தாலும் குற்றம்.

அந்த ஆண்டே ஸ்பெயினின் கட்டலோனியா ராலியில் டொயோட்டா செலிகா மாட்டியது. காரில் பொருத்தியிருக்கும்போது வளையம் ஐந்து மில்லிமீட்டர் விலகி நிற்கும். காற்று பக்கவாட்டில் புகுந்துகொள்ளும். சோதனைக்குக் கழற்றினால் வளையம் தானாகத் தன் இடத்துக்குப் போய்விடும். அளந்தால் 34. ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறன் இனாம். உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி, முப்பது ஆண்டுகளில் இவ்வளவு நுட்பமான வேலையைக் கண்டதில்லை என்று கிட்டத்தட்டப் பாராட்டுப் பத்திரமே வாசித்தார். வாசித்த கையோடு டொயோட்டாவின் புள்ளிகள் அனைத்தும் பறிபோயின. ஓராண்டுத் தடை.

இத்தனைக்கும் அந்த ஐந்து மில்லிமீட்டரால் எந்தக் குழந்தைக்கும் இழுப்பு வரவில்லை.

இப்போது ஃபோக்ஸ்வேகனுக்கு வருவோம். 2013 முதல் 2016 வரை அவர்களுடைய போலோ ராலி காரை யாராலும் அசைக்க முடியவில்லை. நான்கு ஆண்டு, நான்கு உலகப் பட்டம். ஓட்டியவர் செபாஸ்டியன் ஓஜியே. அந்த டர்போவுக்கும் வளையம் உண்டு, முத்திரை உண்டு, அளவுகோலோடு காத்திருக்கும் அதிகாரி உண்டு. அதே காலத்தில் அதே கம்பெனியின் ஷோரூமில் டர்போ டீசல் கார்கள் விற்றுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அதிகாரி இல்லை. ஆய்வகம் மட்டும் இருந்தது.

ஆய்வகத்தை எப்படிச் சமாளிப்பது என்று காருக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஸ்டியரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், அது சோதனை. உடனே பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி பதவிசாக உட்கார்ந்துகொள்ளும். சாலைக்கு வந்ததும் சுயரூபம். இழுப்பைக் கிளப்பும் நைட்ரஜன் ஆக்சைடை அமெரிக்க வரம்பைப் போல் நாற்பது மடங்கு வரை கக்கியது. கண்டுபிடித்தது எந்த அரசாங்கம்? எதுவுமில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகக் குழு, டிக்கியில் ஒரு கருவியை ஏற்றிக்கொண்டு சும்மா சாலையில் ஓட்டிப் பார்த்தது. குட்டு உடைந்தது. 2015 செப்டம்பரில் கணக்குப் பார்த்தால் உலகெங்கும் 1.1 கோடி கார்கள்.

கோப்பைக்காக ஓடிய கார் யோக்கியம். நாம் தவணை கட்டி வாங்கிய கார் அயோக்கியம். 2016 நவம்பரில் கம்பெனி ஒரு முடிவெடுத்தது: ராலியிலிருந்து விலகுகிறோம். ஆக, வீட்டுக்கு அனுப்பப்பட்டது யோக்கியமான கார்.

அமெரிக்கனிடமிருந்து காரையே திரும்ப வாங்கிக்கொண்டு கையில் பணமும் கொடுத்தார்கள். இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் கார்கள். நமக்கு? 'தாமாக முன்வந்து' மென்பொருளை மாற்றித் தந்தார்கள். எவ்வளவு பெருந்தன்மை! பசுமைத் தீர்ப்பாயத்தில் கம்பெனி வைத்த வாதம் அதைவிட அழகு. இந்திய விதி எதையும் மீறவில்லையாம். சாலையில் ஓட்டிப் பார்த்து அளக்க விதியே கிடையாதாம். கொடுமை என்னவென்றால், விதி அப்போது உண்மையிலேயே இல்லை. கார் என்பது சாலையில் ஓடும் பொருள் என்பதை நம் விதிப் புத்தகம் ஒப்புக்கொள்ள 2023 ஏப்ரல் வரை ஆனது.

2019 ஜனவரியில், இடைக்காலத் தொகையான 100 கோடியைக் கட்டாவிட்டால் நிர்வாக இயக்குநரைக் கைது செய்ய வேண்டிவரும் என்று தீர்ப்பாயம் மிரட்டித்தான் பணத்தை வாங்கியது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை வண்டியின் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு! அது எவ்வளவு புனிதம் என்று அப்போது நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஷெட்டில் இன்ஜினின் மூளையான ஈசியுவை ரீமேப் செய்து, சைலன்சரையும் மாற்றி, 'ஸ்டேஜ் ஒன்' என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளும் பையனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவனுடைய சைலன்சர் என் தூக்கத்தையும்தான் கெடுக்கிறது. பிடியுங்கள். ஆனால் அவனைப் பிடித்தால் நடப்பதைப் பாருங்கள். சட்டப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பறித்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கி, கேமராவுக்கு முன்னால் நிற்கிறது காவல்துறை.

2019 மார்ச்சில் தீர்ப்பாயம் ஃபோக்ஸ்வேகனுக்கு 500 கோடி விதித்தது. கேட்க மலைப்பாக இருக்கும். 3.23 லட்சம் கார்களுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு காருக்குச் சுமார் 15,000 ரூபாய். பையனின் கணக்கில் மூன்று சைலன்சர். மே மாதம் கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. கட்டாய நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று உத்தரவு வாங்கியது.

சைலன்சர் பையனுக்கு அந்தக் கம்பெனி வக்கீலின் நம்பர் தெரியாது. 5,000 ரூபாயைக் கட்டிவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டான்.