எக்செல் அப்பா

துபாயில் கராமாவிலோ அல் நஹ்தாவிலோ, மூத்த குழந்தைக்கு மூன்று வயது நெருங்கும் ஏதாவது ஒரு தமிழ் வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஹாலில் ஒருவர் பனியனும் கைலியுமாக லேப்டாப்பை முறைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸ் வேலையில் இந்தச் சிரத்தை இருந்திருந்தால் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பார். பிள்ளைக்கு ஸ்கூல் தேடுகிறார்.

எக்செல் தாளின் இடப்பக்கம் வரிசையாகப் பள்ளிகளின் பெயர். மேலே பாடத்திட்டம், ஃபீஸ், பஸ், யூனிஃபார்ம், நீச்சல் குளம், வழியில் எத்தனை சாலிக் டோல் கேட். காலை நெரிசல் நேரத்தில் ஒரு கேட்டைத் தாண்டினால் 6 திர்ஹம் என்பதால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு. அப்புறம் கே.எச்.டி.ஏ. ரேட்டிங். 2006-ல் துபாய் அரசு ஏற்படுத்திய இந்த ஆணையம் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து, அவுட்ஸ்டாண்டிங்கில் ஆரம்பித்து வெரி வீக் வரை ஆறு தரமாகப் பிரிக்கிறது. அதன் அறிக்கைகளை எக்செல் அப்பா வரி விடாமல் படித்திருப்பார். தன் வேலை ஒப்பந்தத்தைக்கூட அப்படிப் படித்தவரில்லை. “பெரிய கிளாஸ்ல அரபி கொஞ்சம் வீக்காம்” என்று மனைவியிடம் கவலையோடு சொல்வார். பையன் இன்னும் டயப்பரில் இருப்பான்.

பள்ளியைப் பிடிப்பதில்கூட அவருக்குச் சிரமமில்லை. எந்த நாட்டுக்காகப் பிள்ளையை வளர்ப்பது என்பதில்தான் சிக்கல். “ரெண்டே வருஷம், ஊருக்குப் போயிடுவோம்” என்று விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து சொல்லி வருகிறார். ஊருக்குப் போவதானால் சி.பி.எஸ்.இ.; நீட், ஜே.இ.இ. எழுதத் தோது. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு என்.ஐ.டி.க்களில் தனி இடம் உண்டு, திருச்சியிலேயே சேர்த்துவிடலாம். கனடா பி.ஆர். வந்துவிட்டால்? அப்போது பிரிட்டிஷ் கரிகுலம். இரண்டும் இல்லாமல் கம்பெனி நெதர்லாந்துக்குத் தூக்கியடித்தால்? இருக்கவே இருக்கிறது ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டம். 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. “நாமளும் அந்த மாதிரிதானே?” என்பார். அந்த மாதிரி ஐ.நா. அதிகாரிகளுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கென்று தனிப் பணம் வரும். இவருக்கு வருவது ஊருக்குப் போய்வர ஒரு டிக்கெட். ஐ.பி. டிப்ளமாவில் அதிகபட்ச மதிப்பெண்ணே 45தான் என்று கேள்விப்பட்ட மாமனார் கோவில்பட்டியிலிருந்து போன் போட்டார்: “நூத்துக்கா மாப்ளே?”

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவில் ஸ்கூல் டூர். கண்ணாடிக் கதவு, காப்பி மெஷின், ‘ஒவ்வொரு குழந்தையும் ஒரு தலைவர்’ என்ற ரீதியில் சுவர் முழுக்க வாசகங்கள். அட்மிஷன் அதிகாரி குளம், தியேட்டர், ரோபோ லேப் என்று அரண்மனை காட்டுவதுபோல் காட்டிக்கொண்டு போவார். எக்செல் அப்பா ஆசிரியர் - மாணவர் விகிதம், ஆசிரியர்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் வேலையை விடுகிறார்கள் என்று புள்ளிவிவரமாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். மனைவி ஒன்றே ஒன்று கேட்பார்: “பாத்ரூம் போகணும்னா யார் கூட்டிட்டுப் போவாங்க?” அதிகாரி அப்போதுதான் முதல் தடவையாக யோசிப்பார்.

சாப்பாட்டு டப்பாவில் வேர்க்கடலைக்கு அனுமதி இல்லையாம், அலர்ஜி விவகாரம். புளியோதரை அன்றோடு கடத்தல் பொருள். மொழிகளில் அரபி கட்டாயம், கூட பிரெஞ்சு உண்டு. தமிழ்? “அதான் வீட்ல பேசுறோமே” என்று அதிகாரியை முந்திக்கொண்டு இவரே சொல்லிவிடுவார். வீட்டில் பையனிடம் இவர் பேசுவது, “கம் ஹியர், ஷூ போடு.”

அசெஸ்மென்ட்டுக்காக ஒரு வாரமாகப் பயிற்சி நடந்திருக்கும்: நிறங்கள், வடிவங்கள், மை நேம் இஸ். உள்ளே டீச்சர் எதையும் கேட்கவில்லை. மரக்கட்டைகளைக் கொட்டிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஆரஞ்சுக் கட்டை ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த அப்பா பதறவே இல்லை. “சென்சரி லேர்னிங்” என்றார்.

இத்தனைக்கும் பிறகு முடிவு ஒரே நிமிஷத்தில் நடந்தது. “ஏங்க, பஸ் எத்தனை மணிக்கு வரும்?” முதலிடத்தில் நின்ற பள்ளிக்கு விடிகாலை 5.50. பத்தாவது இடத்தில் கிடந்த பக்கத்துத் தெரு பிரிட்டிஷ் பள்ளிக்குப் பஸ்ஸே வேண்டாம். “அஞ்சே முக்காலுக்குள்ள நீங்க எழுப்பிக் கிளப்பி விடுவீங்களா?” எக்செல் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லாமல் போயிற்று. மூன்று டெர்முக்கும் செக் எழுதினார்.

அப்பாடா என்று இருக்க முடிகிறதா? ஊர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷம் கழித்துப் போனில் அம்மா:

“பேரன் எத்தனாவது படிக்கான்?”

“இயர் ஒன் மா.”

“ஒண்ணாங்கிளாஸா?”

“இல்ல, நம்மூர்ல அது யூ.கே.ஜி.”

“பெயில் போட்டுட்டாங்களா?”

அதற்கும் ஒரு அட்டவணை தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அம்மா கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

இப்போது அவர் கட்டடத்தில் எக்செல் அப்பாவே ஆலோசகர். ஆறாம் மாடிக்குப் புதிதாக வந்த பையன் லிஃப்டில் மாட்டிக்கொண்டான்.

“அண்ணே, இங்க பக்கத்துல நல்ல மெஸ் எங்க இருக்கு?”

“அது கெடக்கட்டும் தம்பி. குழந்தைக்கு என்ன வயசு?”

“இன்னும் கல்யாணமே ஆகலண்ணே.”

எக்செல் அப்பா கதவு மூடிவிடாமல் கையை நீட்டி மறித்துக்கொண்டார். “நல்ல டைம்ல வந்திருக்க. மெயில் ஐடி சொல்லு.”