இருபத்தெட்டு மில்லிமீட்டர் வீரனும் மலிவு விலை ரயிலும்: ஓர் அளவையியல் ஆய்வு

பொம்மைப் போர்வீரர்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்துப் போர் நடத்துபவர்கள் நம்மிடையே எண்ணிக்கையில் குறைவு. வீட்டில் அவர்களுக்கு இருக்கும் மரியாதை அதைவிடக் குறைவு. பொருட்காட்சிக் கடையில் விற்கும் பேட்டரி ரயிலை அந்தப் போரில் சேர்க்கலாமா, கூடாதா என்பது இவர்களுக்கு எழும் ஐயங்களுள் தலையாயது. இளம்பூரணர் முதல் உரையாசிரியர்கள் எவரும் இதுபற்றி வாய் திறக்காததால், நூற்பாவை நானே இயற்றி, உரையையும் நானே எழுத நேர்ந்தது.

பொம்மை ரயிலும் பொருநரும் ஒருங்கே
மேசை ஏறின் மில்லி நோக்கார்;
கண்ணே அளவை என்மனார் கஞ்சர்.

பொருநர் என்றது ஈண்டுக் கூத்தரை அன்று. வெள்ளீயத்தில் வார்த்து, மூன்று மயிர்த் தூரிகையால் மீசை வரையப்பட்ட போர்வீரரை. மில்லி என்றது மில்லிமீட்டரை. டாஸ்மாக் வழக்கை இங்குக் கொள்ளற்க. கஞ்சர் என்றது ஆசிரியர் தம்மையே படர்க்கையில் சொன்னது.

முதலில் வரலாறு. வீரர்கள் மேசையில் நின்றுகொண்டிருந்தார்கள், ரயில் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் பொம்மைத் தண்டவாளங்களுக்கு எண் கொடுத்து அகலங்களை வரையறுத்தது. இரண்டு ஆண்டு கழித்து லண்டனில் வில்லியம் பிரிட்டன் உள்ளே கூடாக இருக்கும் ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கினார். அவர்களுக்கு அமைந்த உயரம் 54 மில்லிமீட்டர். ஏன் 54? அன்று கடைகளில் விற்ற ஒன்றாம் எண் ரயில் பக்கத்தில் நிறுத்தினால் பொருந்த வேண்டும் என்பதற்காக. ரயிலைப் பார்த்து ஆளை வார்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, வீரன் நிற்கும் மேசைக்கு ரயில் வரலாமா என்று கேட்பது, வீட்டுக்காரரிடமே வாடகை கேட்பதற்குச் சமம்.

எச். ஜி. வெல்ஸ் 1911இல் தரையில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வேண்டிய பொருள்களை நான்கு வகையாகப் பிரித்தார்: வீரர்கள், கட்டைகள், பலகைகள், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலும் தண்டவாளமும். 1913இல் வந்த அடுத்த நூலில் ஸ்பிரிங் பீரங்கியால் வீரர்களைச் சாய்க்கும் போருக்கு விதிகளே வகுத்தார். காலத்தில் பயணம் போக இயந்திரம் கற்பனை செய்தவரே தரையில் ஓடும் ரயிலை ஒதுக்கவில்லை என்பதை எதிர்த்தரப்பார் கவனிக்க வேண்டும்.

களப்பணி சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் நடந்தது. அப்பளக் கடையைத் தாண்டி நான்காவது பொம்மைக் கடை. தொங்கிக்கொண்டிருந்த ரயில் பெட்டியை இறக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு அயர்லாந்துச் சிப்பாயை எடுத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கண்ணைத் தாழ்த்தி, அவன் தோளும் இன்ஜின் கதவும் ஒரே மட்டத்தில் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்:

“பையனுக்கு எவ்ளோ சார் ஆவுது?”

சிந்தனை அளவிலேயே இருந்ததால், “இருபத்தெட்டு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ‘3 வயதுக்கு மேல்’ என்று போட்டிருந்த அட்டையைப் பார்த்தார். “அப்ப ரிமோட் கார் ஏதாவது காட்டட்டுமா சார்?” என்றார் பரிவோடு.

350 சொன்னதை 280க்கு முடித்தேன். ஒப்பீட்டுக்காக, அந்தச் சிப்பாயும் அவன் தோழர்களும் வந்த பெட்டியின் விலையை இங்கே தர வேண்டும்தான். ஆனால் இந்த இதழ் வீட்டுக்கும் வருகிறது.

இனி அளவை. 28 மில்லிமீட்டர் என்பது பாதம் முதல் கண் வரையா, உச்சி வரையா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் விகிதம் 1:56 என்பாரும் 1:64 என்பாரும் உளர். நான் 1:64 கட்சி. காரணம் கொள்கையன்று, கணக்கு எனக்குச் சாதகமாக வருவதே. என் ரயிலின் தண்டவாள அகலம் ஸ்கேலில் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே நின்றது. எச்.ஓ. எனப்படும் மாதிரி ரயில்களின் அகலமும் அதே 16.5 மில்லிமீட்டர்தான். அந்த வகைக்கு விகிதம் 1:87. ஆகவே 28 மில்லிமீட்டர் ஆளுக்கு அந்த ரயில் குள்ளம் என்று தூய்மைவாதிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். 16.5ஐ 64ஆல் பெருக்கினால் 1,056 வருகிறது. நான் மேசையில் நடத்தப்போகும் போயர் போர் நடந்த தென்னாப்பிரிக்காவில் உண்மையான ரயில் ஓடிய பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். வித்தியாசம் பதினொன்று. மேசைமேல் அது இரண்டு தாளின் கனம்கூட இல்லை. 1:60 என்று வைத்துக்கொண்டால் 990 கிடைக்கும். ஊட்டி மலை ரயில் இன்றும் ஏறுகிற மீட்டர் கேஜுக்குப் பத்தே மில்லிமீட்டர் குறைவு.

இன்னொன்று. மலிவு ரயிலின் உடம்பு ஊதியிருக்கும், கால் ஒல்லியாக இருக்கும். இதைக் குறை என்பார்கள். என் இன்ஜினின் அகலம் நான்கு சென்டிமீட்டர். 64ஆல் பெருக்கினால் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். ஒரு மீட்டர் சொச்சம் பாதையில் இரண்டரை மீட்டர் உடம்பு! குறுகிய பாதை ரயிலுக்கு இருக்க வேண்டிய தொந்தியே அதுதான். தவிரவும், இந்த வீரர்களுக்கும் தலையும் கையும் உடம்புக்குச் சற்றுப் பெரிதாகவே வார்ப்பது வழக்கம், தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று. ஊதிய ஆளுக்கு ஊதிய ரயில். பொருத்தம் பத்தும் இருக்கிறது.

தடை: பெட்டிகள் நீளத்தில் குட்டையாயிற்றே?

விடை: ஆம். நம் ஊர் ரயில் பெட்டி ஒன்று 21 மீட்டருக்கு மேல். 1:64இல் அது 33 சென்டிமீட்டர். ஐந்து பெட்டி கோத்தால் என் ஆறடி மேசை முடிந்துவிடும். போரைச் சமையலறையில்தான் நடத்த வேண்டும். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

தடை: ஆயினும் அளவுக்கு ஒவ்வாதது ஒவ்வாததே.

விடை: அப்படியானால் ரயிலுக்கு முன் துப்பாக்கியைக் கூண்டில் ஏற்றுங்கள். பல விதிநூல்களில் துப்பாக்கியின் எல்லை 24 அங்குலம். 64ஆல் பெருக்கிப் பாருங்கள்: 39 மீட்டர். தெருமுனையில் நிற்கும் இஸ்திரி வண்டி வரைகூட எட்டாத குண்டு. அந்தப் போரில் பிரிட்டிஷாரை எதிர்த்த போயர்கள் வைத்திருந்த மவுசர் துப்பாக்கி ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் சுடும். ஆளுக்கு ஒரு அளவு, நிலத்துக்கு ஒரு அளவு என்று இந்த விளையாட்டு தொடக்கத்திலிருந்தே இரட்டைக் கணக்கு வைத்திருக்கிறது. தணிக்கைக்கு வருபவர்கள் மலிவு ரயிலின் பேரேட்டை மட்டும் புரட்டுவது நியாயமன்று.

செய்முறைக்கு நான் எடுத்துக்கொண்டது 1899 நவம்பர் 15, தென்னாப்பிரிக்காவின் நேட்டால். எஸ்ட்கோர்ட்டிலிருந்து பிரிட்டிஷ் கவச ரயில் ஒன்று சுமார் 150 வீரர்களோடு வேவு பார்க்கக் கிளம்பி ஷீவ்லி வரை போனது. திரும்பும் வழியில் போயர்கள் பீரங்கியால் அடித்து விரட்ட, ரயில் வேகமெடுத்து, பாதையில் அவர்கள் வைத்திருந்த கல்லில் மோதி முன்பெட்டிகள் கவிழ்ந்தன. நிருபராக ஏறியிருந்த இருபத்து நான்கு வயது வின்ஸ்டன் சர்ச்சில் பாதையை ஒழுங்குசெய்ய ஓடியாடினார். காயம்பட்டவர்களோடு இன்ஜின் தப்பியது, அவர் பிடிபட்டார்.

இதை மேசைக்குக் கொண்டுவர ரயிலை முதலில் ஊமையாக்க வேண்டும். என் ரயில் சுவிட்சைத் தட்டியதும் சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டி, ஏதோ ஒரு சீனப் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடியது. ஸ்குரு நான்கைக் கழற்றி ஸ்பீக்கரையும் மோட்டாரையும் பிடுங்கினேன். போரில் ரயில் தன் முறை வரும்போது விதிப்படி இத்தனை அங்குலம் என்று கையால் நகர்த்தப்படுவது. அதற்கு பென்சில் பேட்டரி எதற்கு? புகைபோக்கி குடையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. விறகு எரிக்கும் அமெரிக்க இன்ஜின்களில் தீப்பொறி பறக்காமலிருக்க வைத்த அமைப்பு அது. அறுத்துவிட்டு பேனா மூடியை ஒட்டினேன். பெட்டிகளின் சுவருக்குக் கார்ன்ஃபிளேக்ஸ் அட்டை. துப்பாக்கித் துளைகளை பிளேடால் வெட்டினேன். ஆணித் தலைகளுக்கு ஃபெவிக்காலைத் தீக்குச்சி நுனியில் தொட்டு, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வரிசையாக வைத்தேன். ஒரு பெட்டிக்கு நூற்று நாற்பது. பிறகு கருஞ்சாம்பல் ஸ்ப்ரே. காய்ந்ததும் தூரிகையில் வெள்ளி வண்ணத்தை எடுத்து, பழந்துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் தேய்த்தேன். பிளாஸ்டிக் மினுமினுப்பு போய், இருபது மழைக்காலம் பார்த்த இரும்பு ஆனது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. உண்மையான கவச ரயிலில் இன்ஜின் நடுவில். முன்னும் பின்னும் பெட்டிகள். மலிவு ரயில் இன்ஜினுக்கோ பின்னால் மட்டுமே கொக்கி. எங்கோ கிடக்கும் இரு சொற்களை ‘மாட்டு’ என்ற பெயரில் கோத்துப் பொருள் சொல்லத் தயங்காதவர் நச்சினார்க்கினியர். அவர் துணையோடு, பால்பாக்கெட் ரப்பர் பேண்டால் முன்பெட்டியை இன்ஜினின் மூக்கில் மாட்டினேன்.

கல் தேவைப்படவே இல்லை. தண்டவாள இணைப்பு வந்த ஒவ்வொரு முறையும் முன்பெட்டி தானாகவே கவிழ்ந்தது. விலையுயர்ந்த மாதிரி ரயில்கள் தடம் புரளாமல் ஓடும் என்பார்கள். இந்தப் போரைப் பொறுத்தவரை அது பெரும் வரலாற்றுப் பிழை.

பக்கச் செய்தி ஒன்று. அடுத்த மாதமே அந்த வட்டாரத்தில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை காயம்பட்டவர்களைச் சுமந்தது. சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுள் தமிழர் பலர். தூக்குக் கட்டில் சுமக்கும் நால்வருக்கு அவர்களை நினைத்து மாநிறம் பூசி, கையில் செஞ்சிலுவைப் பட்டை வரைந்தேன். ரயில் கவிழ்ந்தது நவம்பர், இவர்கள் வந்தது டிசம்பர். ஒரு மாதம் முன்கூட்டியே வந்துவிட்டார்கள் என்று கொள்க. அளவில் விட்டுக்கொடுத்தவன் நாளில் விட்டுக்கொடுக்க மாட்டேனா?

வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வந்தவர் என் அக்கா மகன், வயது ஐந்து. ரயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணிப் புள்ளிகளை நகத்தால் சுரண்டினார். விகிதத்தைப் பற்றி எந்த ஆட்சேபமும் எழுப்பவில்லை. ஒரே கேள்விதான்: “மாமா, இது ஏன் பாட மாட்டேங்குது?” மூன்று பக்கம் குறிப்பு எடுத்துவைத்திருந்தும் இதற்கு விடை இல்லை. ஸ்பீக்கர் மேசை டிராயரில்தான் இருக்கிறது.

ஆய்வில் இன்னொரு குறையும் உண்டு. பெட்டிக்குள் வந்தவை எட்டும் வளைந்த தண்டவாளங்கள், மாட்டினால் வட்டம்தான். எஸ்ட்கோர்ட்டில் கிளம்பும் சர்ச்சில் எப்படிப் போனாலும் எஸ்ட்கோர்ட்டுக்கே வந்துவிடுகிறார். பிள்ளைகள் வளர்ந்து, பரணில் பழைய பொம்மை ரயில் போட்டிருக்கும் வாசகர்கள் அதிலுள்ள நேர்த் துண்டுகளை மட்டும் தந்து உதவ வேண்டும். வளைவு வேண்டாம்.