சுழி பார்த்து லேப்டாப் வாங்குபவர்

மாடு வாங்கத் தெரிந்தவர் சந்தையில் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தாலும், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்காமல் மடியிலிருந்து பணத்தை எடுக்கமாட்டார். 'புரொஃபஷனல் லேப்டாப்' வாங்கக் கிளம்பும் நம்மவரும் இந்தப் பரம்பரைக் கலையைக் கைவிடவில்லை. நடக்கவிடுவதை மட்டும் விட்டுவிட்டார். ஆள் வங்கியிலோ ஆடிட்டர் ஆபீசிலோ இருப்பார். எக்செல், மின்னஞ்சல், மாதம் ஒரு பிரசன்டேஷன், ராத்திரி கொஞ்சம் பழைய பாட்டு. கணினியிடம் அவருக்கு ஆகவேண்டியது இவ்வளவுதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்கமாட்டார், "கான்ஃபிகரேஷன் என்ன?" என்பார். பதினான்கு மாடல்களை ஒப்பிட்டு அவரே தயாரித்த எக்செல் தாள் ஒன்று கையில் இருக்கும். அவருடைய பழைய லேப்டாப் தன் ஆயுளில் செய்த மிகக் கடினமான வேலை அந்தத் தாளைத் திறந்ததுதான்.

அவர் பார்க்கும் முதல் சுழி 'ஐ-7'. ஐ-5 என்று சொன்னால், பெண் வீட்டார் காதில் 'டெம்பரரி வேலை' என்று விழுந்த மாதிரி முகம் சுருங்கும். இன்டெல்லின் பதின்மூன்றாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஐ-7 1355யூ என்று ஒரு சிப், ஐ-5 13500ஹெச் என்று இன்னொரு சிப். முன்னதில் வேகமான கோர்கள் 2, பின்னதில் 4. முன்னதன் அடிப்படை மின்தேவை 15 வாட், பின்னதற்கு 45 வாட். மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்துச் செய்யவேண்டிய வேலை என்றால் அந்த 'ஏழை' ஐ-5 முந்திவிடும். (பேட்டரி நீடிக்கவும் மடி சுடாமலிருக்கவும் அந்த ஐ-7 நல்லது, அவருடைய வேலைக்கு அதுவே தாராளம். ஆனால் அந்தக் காரணத்துக்காக அவர் அதை வாங்குவதில்லை.) சூட்சுமம் கடைசி எழுத்தில் இருக்க, அவர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார். எழுத்துவரைக்கும் படித்துவிட்ட முதுநிலைப் பட்டதாரிகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஒரே சிப் மெல்லிய உடம்புக்குள் அடைபட்டால் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், காற்றோட்டமான உடம்பில் தளராமல் ஓடும் என்பதை அவர்களும் கணக்கில் எடுப்பதில்லை. இதை எந்த ஸ்டிக்கரிலும் அச்சடிப்பதில்லை, நடக்கவிட்டால்தான் தெரியும்.

இரண்டாவது சுழி 'மிலிட்டரி கிரேடு'. இதைக் கேட்டதும் பனிமலைச் சிகரத்தில் ஒரு ஜவான் அந்த லேப்டாப்பை மடியில் வைத்திருக்கும் காட்சி அவர் மனதில் விரிகிறது. இந்தப் பெயருக்கு ஆதாரமாகக் காட்டப்படும் மில்-ஸ்டாண்டர்டு-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1962 முதல் திருத்தித் திருத்தி வெளியிட்டுவரும் சோதனை முறைகளின் தொகுப்பு. வெப்பம், தூசி, அதிர்வு என்று அதில் பல உண்டு. எவற்றைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். தேறியதாக முத்திரை குத்தும் ராணுவ அலுவலகம் எதுவும் கிடையாது. எந்தக் கேள்விக்கு விடை எழுதுவது என்று மாணவனே முடிவுசெய்யும் தேர்வில் யார்தான் தோற்பார்கள்? 'புரோ' என்ற பெயரும் இந்த வகைதான். 2025 ஜனவரியில் டெல் நிறுவனம் லாட்டிடியூடு, பிரிசிஷன் என்ற பழைய பெயர்களுக்குப் பதிலாக டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என்று அறிவித்தது. பெயர் வைக்கக் காசா பணமா? பெரிய லேப்டாப்புகளின் பேட்டரி 99 வாட்-அவரில் வந்து நிற்பதையும் அவர் பொறியியல் சாதனை என்று மெச்சுகிறார். 100-ஐத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் புரொஃபஷனல் என்பதே ஏமாற்றா என்றால், இல்லை. ஆனால் அந்தத் தரம் ஓடும் வேகத்தில் இல்லை, படுத்தால் எழுப்ப முடிவதில் இருக்கிறது. 1992-இல் ஐபிஎம் தொடங்கி, 2005-இல் லெனோவோ கைக்குப் போன திங்க்பேடைப் பாருங்கள். எந்தத் திருகை எப்போது கழற்றுவது, எந்தப் பாகத்துக்கு என்ன எண் என்று விளக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேடுகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மறுபிறவி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, கெட்டுப்போனால் ஆள் வீடு தேடி வருவாரா, நாளெல்லாம் கண் பதியப்போகும் திரையில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் எழுத்துத் தெரியுமா? எக்செல் தாளில் இவற்றில் எதற்கும் ஒரு பத்திகூடக் கிடையாது.

"இன்னும் அஞ்சு வருஷம் தாங்கணுமே சார்" என்பார். ரேம் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பற்றவைத்த ரேமைப் பிற்பாடு கூட்ட முடியாது. முதலிலேயே 16 ஜிபி வாங்குவது புத்திசாலித்தனம். அதே சாக்கில் அவர் கேட்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த நியாயம் செல்லாது. என்றோ வரப்போகும் கல்யாணக் கூட்டத்தை நினைத்துத் தினமும் அண்டாவில் உலை வைப்பாரா? சிவில் என்ஜினியருக்கும் வீடியோ எடிட்டருக்கும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அவர்கள் இவரைப்போல் வாங்குவதில்லை. தங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி எந்தக் கார்டுக்குச் சான்று தந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். தங்கள் ஃபைலையே பென்டிரைவில் கொண்டுவந்து கடையில் திறந்தும் பார்க்கிறார்கள். கடைசியாக, அவர் பணம், அவர் இஷ்டம் என்று ஒரு வாதம் உண்டு. அவர் தனக்கு மட்டும் வாங்கினால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் சொந்தத்தில் யார் பிள்ளை காலேஜில் சேர்ந்தாலும் போன் இவருக்குத்தான் வருகிறது. "மாமா சொன்னா சரியா இருக்கும்" என்று பி.காம். சேர்ந்த மச்சினர் மகள் இரண்டரைக் கிலோ கேமிங் லேப்டாப்பையும், செங்கல் கனத்தில் அதன் சார்ஜரையும் மூன்று வருஷம் பஸ்ஸில் சுமக்கிறாள்.

அடுத்த முறை அவர் கடைக்குக் கிளம்பினால் தயவுசெய்து நீங்களும் கூடப் போங்கள். எக்செல் தாளைப் பக்குவமாக வாங்கி வைத்துக்கொண்டு, டெமோ பீஸில் ஒரே ஒரு பக்கம் டைப் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.