மாவாராய்ச்சி

உலக மொழிகளுக்கெல்லாம் தாய் எது என்ற கேள்விக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. விடை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முன்பே கிடைத்துவிட்டது. சான்று தேடும் வேலைதான் பாக்கி. அந்தக் குறையும் சிங்கப்பூர் தேக்கா சந்தையில், ஒரு பழக்கடையின் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கியது. கண்டுபிடித்தவர் என் சித்தி. பதிவு செய்தவர் இக்கட்டுரையாளர். பொருளுதவி சித்தப்பா.

கிடைத்த மூலபாடம் வருமாறு: ‘நீ யாவ் மாங்குவோ மா?’

கடைக்காரர் சீனர். அவர் கேட்டது சித்தியை அல்ல, பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு சீனப் பாட்டியை. ஆனால் சித்தி மன்னார்குடிக்காரர். ‘நீ’ என்று தொடங்கி, நடுவில் மாங்காய் மாதிரி ஏதோ வந்து, ‘மா’ என்று முடிகிற ஒரு கேள்வி காதில் விழுந்தால் அது வேறு யாருக்கோ என்று நினைக்க அந்த ஊர் வழக்கத்தில் இடமில்லை. “ஆமாப்பா, பழமாப் பாத்து ரெண்டு குடு” என்றார். விரல் இரண்டைக் காட்டியதால் வியாபாரம் முடிந்தது.

“பாத்தியாடா, இங்க எல்லாரும் தமிழ் பேசுறாங்க” என்றார் என்னிடம். “சின்னப் பையன், நீன்னு சொல்றான். போகட்டும், கடைசில அம்மான்னு சேத்துக்கிட்டான்ல.”

இனி உரை. நீ என்பது நீயே. யாவ் என்பது வேண்டும். மாங்குவோ என்பது மாம்பழம். மா என்பது கேள்வியைக் காட்டும் அசை. ஆக, ‘உனக்கு மாம்பழம் வேணுமா?’ என்பது திரண்ட பொருள். தமிழாக்கத்தின் கடைசியிலும் ‘மா’ தானாக வந்து உட்கார்ந்திருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அது ‘வேணும்’ என்பதோடு ஆகார வினா சேர்ந்ததால் வந்தது என்று சிலர் சொல்லக்கூடும். இலக்கணம் தெரிந்தவர்களால் ஆராய்ச்சிக்கு வரும் இடையூறு இதுதான். மேலும் ஒரு செய்தி. சீனர்கள் மரியாதையாக விளிக்க ‘நீ’யை விட்டுவிட்டு ‘நின்’ என்பார்கள். சங்க இலக்கியத்தில் ‘நின்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினேன். சித்தப்பா விளக்கை அணைத்துவிட்டார்.

தமிழில் ஒரே எழுத்து ஒரு சொல்லாக நிற்பதை ஓரெழுத்தொருமொழி என்பர். நன்னூல் கணக்கில் இவை 42. மகர வரிசைக்கு மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு. ஆறு பேர் பிறந்த குடும்பத்தில் சொத்து முழுவதையும் மூத்தவனே வைத்துக்கொண்ட கதைதான் மாவின் கதை. மரம், விலங்கு, குதிரை, பெருமை, கருமை, அழகு, திருமகள் எல்லாம் அவனுக்கே. மா என்னும் மரத்தையும் மா என்னும் விலங்கையும் தொல்காப்பியரே எழுத்ததிகாரத்தில் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் புணர்ச்சி விதி வகுத்திருக்கிறார். அவர் காலத்துக்கு முன்பு யாரோ ஒன்றில் ஏறுவதாக நினைத்து மற்றொன்றில் ஏறியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

நிலத்துக்கும் மா உண்டு. வேலியை இருபது கூறு செய்தால் ஒரு கூறு ஒரு மா. அதாவது நூறு குழி, ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒன்று. வெறும் எண்ணாகவும் மா என்றால் இருபதில் ஒன்றே. மன்னார்குடிப் பக்கம் இன்றைக்கும் பெண் பார்க்கப் போகிற இடத்தில் “பையனுக்கு எத்தனை மா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே மாப்பிள்ளை என்பதில் உள்ள மாவுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துக் கடையில் ‘ஒரு கிலோ மா’ என்றால் மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுப்பார்கள். அதே சொல்லை மன்னார்குடியில் சொன்னால், ‘மாவு’ என்று வால் ஒட்டும்வரை கடைக்காரர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். இது போதாதென்று அம்மாவின் தலையை வெட்டி எடுத்த மாவும் இருக்கிறது. சித்தப்பா சித்தியைக் கூப்பிடுவது ‘ஏம்மா’, மகளைக் கூப்பிடுவது ‘ஏம்மா’, இரண்டு வயதுப் பேத்தியைக் கூப்பிடுவதும் ‘ஏம்மா’. காப்பி கேட்டு அவர் ஒரு குரல் கொடுத்தால் மூன்று தலைமுறை திரும்பிப் பார்க்கும். பேத்தி மட்டும்தான் எழுந்து வருவாள்.

‘சும்மா’வில் உள்ள மாவை ஆய்வு எல்லைக்கு வெளியே சும்மா விட்டிருக்கிறேன்.

சீனத்துக்கு வருவோம். அந்த மொழி படிக்கப் போகிறவர்களுக்கு முதல் நாளே புகட்டும் கஷாயம் இதே மாதான். குரலை மேலே சமமாக நிறுத்தி மா என்றால் தாய். கீழிருந்து ஏற்றினால் சணல். பள்ளத்தில் இறக்கி எடுத்தால் குதிரை. மேலிருந்து வெட்டினால் திட்டுதல். எதுவும் செய்யாமல் வாக்கியக் கடைசியில் போட்டால் வினா. மூன்றாவதைக் கேட்டதும் இக்கட்டுரையாளர் எழுந்து நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். தமிழ் நிகண்டிலும் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை! தாய்லாந்தில் இன்னும் விசேஷம். நடுச் சுருதியில் மா என்றால் வா, உச்சத்தில் குதிரை, கீழிருந்து ஏற்றினால் நாய். குதிரையை அழைக்க நினைத்துச் சுருதி பிசகினால் நாய் வந்து நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து மா என்றால் விலங்கு என்று நம்மவர்கள் பொதுப்படையாக வைத்தது எப்பேர்ப்பட்ட முன்யோசனை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு விஷமி சொன்னார்: சீனக் குதிரை இன்றைக்குத்தான் மா. ஈராயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு அதன் வாயில் ஒரு ரகரம் இருந்தது, ‘ம்ரா’ என்பது போல ஒலித்திருக்கும் என்று மொழிநூலார் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதாவது நம் மாவும் அவர்கள் மாவும் ஒத்துப்போனது அந்த ரகரம் உதிர்ந்த பிறகுதான். புகைப்படத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா என்று கேட்டார் அவர். தீபாவளியானால் ஆவார்கள் என்று பதில் சொல்லிவிட்டு மேலே நடந்தேன். அவரை நன்றியுரையில் சேர்க்கவில்லை.

எங்கள் ஆய்வுமுறைக்கு விதிகள் இரண்டே. பொருள் ஒத்திருந்தால் உறவு உறுதி. ஒத்திருக்காவிட்டால் பொருள் காலப்போக்கில் திரிந்துவிட்டது, ஆகவே உறவு மிகவும் பழையது. இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு இதுவரை தோற்றவர் எவருமில்லை. பின்லாந்தில் மா என்றால் நிலம், நாடு. நம் மாக்கணக்கு நிலத்தை நினைத்துக்கொள்க. எஸ்தோனியாவில் மா என்றால் நான். ‘நிலமே நான்’ என்று ஒரு மிராசுதார் சொல்லியிருப்பார். ஹங்கேரியில் மா என்றால் இன்று. இன்று ரொக்கம், நாளை கடன் என்பதன் முற்பாதி. இத்தாலியில் மா என்றால் ஆனால். வியட்நாமிலும் இறங்குகிற தொனியில் மா என்றால் ஆனால்! இத்தாலியச் சொல் ‘அதிகம்’ என்று பொருள்படும் ‘மகிஸ்’ என்ற லத்தீனச் சொல் தேய்ந்து வந்தது. வியட்நாமுக்கு லத்தீனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதே வியட்நாமில் தொனி மாறினால் பேய், கல்லறை, நெல் நாற்று எல்லாம் மாதான். அரபியில் மா வாக்கியத்தின் தலையில் நின்று ‘என்ன?’ என்று கேட்கும், சில இடங்களில் ‘இல்லை’ என்றும் சொல்லும். கேள்வியும் பதிலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால் அரசு அலுவலகங்களுக்கு ஏற்ற மொழி.

சம்ஸ்கிருதத்தில் மா என்றால் கூடாது. பழைய கிரேக்கத்தில் அதே பொருளுக்கு ‘மே’. இவை இரண்டும் நிஜமாகவே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விதிப்படி ஒலி மாறி, விதிப்படி பிரிந்தவை. இப்படி ஒழுங்கான உறவில் சுவாரசியம் எதுவும் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

எதிர்த்தரப்பில் வலுவான ஆள் ரோமன் யாக்கப்சன். அம்மா, அப்பா சொற்கள் உலகமெங்கும் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்று 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். மர்டாக் என்ற மானிடவியலாளர் திரட்டிய 1,072 சொற்கள் அவர் கையில் இருந்தன. தாயைக் குறிப்பவற்றில் நூற்றுக்கு 55 மூக்கொலியோடு இருந்தன, தந்தையைக் குறிப்பவற்றில் 15 மட்டும். குழந்தை பால் குடிக்கும்போது வாய் அடைத்திருக்கிறது, மூக்கு வழியாக முனகத்தான் முடியும், அந்த முனகலே பிறகு பாலையும் பால் தருபவளையும் கூப்பிடும் சொல்லாகிறது என்பது அவர் வாதம். ஆக, மொழிகளெல்லாம் பிறந்தது பசியில். நல்ல விளக்கம்தான். ஆனால் ஜார்ஜியா நாட்டுக்குப் போனால் ‘மாமா’ என்றால் அப்பா! அம்மாவுக்கு ‘தேதா’. நம் ஊர்க் குழந்தை ஒன்றை அங்கே கொண்டுபோய் விட்டால் குடும்பத்தில் பெரிய பிரச்சினை வரும்.

தற்செயல் என்றால் எதுவரை போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழியைக் காட்டுவார்கள். அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திடம் வாங்கியதில்லை. பக்கத்து மொழிகளில் ‘குடாகா’ என்று இருப்பது இங்கே முன்னும் பின்னும் தேய்ந்து நடுத்துண்டு மட்டும் மிஞ்சியது. மொழிக்கு ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டியவை ஏராளம். ஓரெழுத்தில் மோதல் நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். இதை ஒப்புக்கொண்டால் என் கட்டுரை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆகவே ஒப்புக்கொள்ளவில்லை. தவிர, இதே இரண்டு விதிகளை வைத்துத் தமிழ் பின்லாந்திலிருந்து வந்தது என்று ஒரு பின்லாந்துக்காரர் அரை மணி நேரத்தில் நிறுவிவிட முடியும். அவர்கள் ஊரில் மாங்காய் இல்லை என்பது ஒன்றே நமக்கு ஆறுதல்.

மாங்காய்! மூலபாடத்தில் நான் தாண்டிப்போன சொல் அதுதான். முதலில் வந்த நீயும் கடைசியில் வந்த மாவும் கண்ணைப் பறித்துவிட்டன. இரண்டும் தற்செயல். இடையில் அடக்கமாக உட்கார்ந்திருந்த ‘மாங்குவோ’வில்தான் நம் மா நிஜமாக இருந்தது. மிளகு வாங்க மலபார்க் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அந்தக் கரைச் சொல்லை ‘மங்கா’ என்று வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். மலாயிலும் ‘மங்கா’. ஆங்கிலத்தில் மேங்கோ. 1753-ல் லின்னேயஸ் மரத்துக்குத் தாவரப் பெயர் வைத்தபோது அதையே லத்தீனாக்கி மாஞ்சிபெரா என்றார். புறப்பட்டது தமிழ் மாங்காயா மலையாள மாங்ஙாவா என்ற வழக்கில் நான் இறங்கவில்லை, இரண்டும் ஒரே தோப்பு. அந்தப் பயணத்தின் ஒரு கிளைதான் சீனத்தில் மாங்குவோ. அங்கே ‘குவோ’ என்றால் பழம். அதாவது இங்கே காயாகக் கப்பலேறியது அங்கே இறங்கும்போது பழுத்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் சமையலறைக்கு ஓடினேன். சித்தி அரிவாள்மணையில் இரண்டாவது மாம்பழத்தை நறுக்கி முடித்திருந்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

“அவன் மாங்காய் வேணுமான்னுதான்டா கேட்டான். நான்தான் சரியா காதுல வாங்கல. அந்த உப்பு டப்பாவ எடு.”