கிட்டார் பரீட்சைக்கு எதற்குப் பாட்டு?

கிட்டார் படிக்கிற பிள்ளையைப் பாடவைத்து மார்க் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, தெரியவில்லை. லண்டனில் 1889-ல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பின் மூன்றாம் கிரேடு தேர்வில் மொத்தம் 150 மார்க். அதில் 18 காதுக்கு. தேர்வாளர் பியானோவில் சின்னச் சின்னதாக மூன்று துணுக்கு வாசிப்பார். கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளை ஒவ்வொன்றையும் உடனுக்குடன் திருப்பிப் பாட வேண்டும். குரல் இனிமைக்கு மார்க் இல்லை, சுருதிக்குத்தான். பாடக் கூச்சமாக இருந்தால் முனகலாம், விசிலும் அடிக்கலாம் என்று சலுகை உண்டு.

எங்கள் மயூர் விஹார் வீட்டில் அந்தச் சலுகை செல்லாது. விளக்கு வைத்த பிறகு விசிலடித்தால் பாம்பு வரும் என்பது என் மாமியாரின் கட்சி. மூன்றாவது மாடிக்கு எப்படி வரும் என்று மகள் கேட்டாள். "லிஃப்ட் எதுக்கு இருக்கு?" என்றார்.

ஆக, பாட்டுதான். போனில் செயலி ஒன்று பியானோ வாசிக்க, மகள் 'லா லா' என்று திருப்பினாள். பூஜை அறையிலிருந்து பாட்டி வந்துவிட்டார்.

"என்னடி இது, சங்கராபரணத்துல மத்யமத்தை இப்படிக் கம்பம் மாதிரி நிக்க வெக்கறே? கொஞ்சம் அசைச்சுப் பாடு."

அசைத்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பியானோ ஒரு சுரம் வாசித்த இடத்தில் இவள் மூன்றைத் தொட்டுவிட்டு வந்தாள். கமகம் என்கிற இந்த அசைவு வராமல் வருஷக்கணக்கில் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை வரவிடாமல் தடுக்க ஒரு குடும்பமே போராடியது எங்கள் வீட்டில்தான்.

தாளத்திலும் இதே கதை. இசை நடக்கும்போதே கைதட்டி, வலுவான அடியில் ஓங்கித் தட்டி, எண்ணிக்கை இரண்டா, மூன்றா, நான்கா என்று சொல்ல வேண்டும். பாட்டி பழக்கியது ஆதி தாளம்: முதலில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். விரல் எண்ணுவது யார் காதில் விழும்? நாலில் ஒரு அடிதான் கேட்கிறது, மற்ற மூன்றும் எங்கே என்று கிட்டார் ஆசிரியர் தேடினார்.

ஒரே ஒரு கேள்வியில் மட்டும் பாட்டி தெய்வம். மேஜரா, மைனரா? "காந்தாரத்தைக் கேளு. அந்தரமா இருந்தா மேஜர், சாதாரணமா இருந்தா மைனர்." எத்தனையோ யூட்யூப் வாத்தியார்கள் சந்தோஷம், சோகம் என்று சொல்லிக் குழப்பியதை ஒரே வரியில் முடித்துவிட்டார். கீரவாணியில் என்ன சோகம், சொல்லுங்கள்.

காதுத் தேர்வே இல்லாமல், வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்பும் தேர்வும் 2020 முதல் இருக்கிறது. தப்பிக்க வழி இருக்கிறதே என்று நான் மெல்ல எடுத்துவிட்டேன். மகளுக்குச் சம்மதம். பாட்டி என்னைப் பார்த்த பார்வையில் பேச்சு அதோடு நின்றது.

பரீட்சை முடிந்து, காதுக்கு 15 வந்தது. மீதி மூன்று எங்கே போனது என்பதில் பாட்டிக்கும் ஆசிரியருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு. நாலாம் கிரேடில் தாளில் எழுதியிருக்கும் ஐந்து சுரத்தைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டுமாம். பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த அஞ்சு கோட்டுல ஸ எங்கே இருக்கு, காட்டுடி."




"அது இடம் மாறிண்டே இருக்கும், பாட்டி."

"ஸ இடம் மாறுமா? யாருடி சொன்னா, அந்த லண்டன்காரனா?"